கறுப்புச் சக்கரமும் பிசகிய சந்தனமும்

போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தபோது ஒரு தம்பி என்னிடம், "வெறும் சக்கரம்தானே தாத்தா, அதுக்குப் போயி இவ்வளவு பேசுறீங்களே" என்றான். நல்ல பிள்ளைதான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்று ஏறிவிட்டது. ஏம்பா, வெறும் சக்கரத்தின் மேல்தானே வண்டி ஓடுகிறது? உன் தலை மேலா ஓடுகிறது? அப்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்ததில் திட்டினது போதாது, விஷயத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் எஞ்சின் பிரித்தவன் இல்லை. ஸ்டியரிங் பிடித்தவனும் இல்லை. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் ஷெட்டில், சக்கரம் கழுவி, துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, துரு பிடிக்காமல் காப்பாற்றியவன். பெயர் தாணு. ஷெட்டில் 'சக்கரக்காரன்' என்றால்தான் தெரியும். அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு ஒருநாளும் குறைச்சலாகத் தோன்றியதில்லை. இப்போதும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

கறுப்புச் சக்கரம் இருக்கிறதே, அதற்கு எதையும் மறைக்கத் தெரியாது. வெள்ளி நிறச் சக்கரமாவது பாதி அழுக்கைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். கறுப்பில் பிரேக் பொடி விழுந்தால் சாம்பல் தூவியதுபோல் தெரியும். சங்குமுகம் கடற்கரைக்குப் போய்வந்தால் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். நெடுமங்காடு ரோட்டில் செம்மண் அப்பிக்கொண்டு வரும். அதைக் காயவிட்டு, உலர்ந்த துணியால் ஒரு தேய் தேய்த்தாயோ, பெயிண்டைப் பூனை பிராண்டியதுபோல் ஆகிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி ஊறவிட வேண்டும். அதுவும் சக்கரம் ஆறின பிறகு, நிழலில். பாடி துடைத்த துணி சக்கரத்துக்கு ஆகாது, சக்கரம் துடைத்த துணி பாடிக்கு ஆகாது. இதெல்லாம் உங்கள் மேஸ்திரியே சொல்லித் தருவார். நான் சொல்லவந்தது வேறு.

சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வண்டிக்கு நான் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பினேன். நம் ஊரில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், சக்கரத்துக்கு மட்டும் ஏன் ஆகாது என்று ஒரு நினைப்பு. ஷெட் வாசலில் நின்றபோது சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படி மின்னிற்று. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் இருந்த புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. செங்கல் சூளையிலிருந்து நேராக வந்த வண்டி மாதிரி மாப்பிள்ளையை இறக்கிவிட்டதாம். மூன்று மாதம் என்னை 'எண்ணெய்க் காப்பு' என்று கூப்பிட்டார்கள். அதன் பிறகு தேன்மெழுகை டர்ப்பன்டைனில் கரைத்து, தொட்டும் தொடாமலும் பூசித் துடைத்து எடுக்கக் கற்றுக்கொண்டேன். மினுக்குவது வேறு, காப்பது வேறு என்று அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி புரிய ஒரு நவமி வர வேண்டியிருந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர். சாலைக் கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு பெரிய கறுப்புக் கார்கள் இருந்தன. சக்கரத்தின் நடுமூடி சிறியது. அதைச் சுற்றி ஐந்து நட்டும் வெளியே தெரியும். திருவனந்தபுரத்து மழை உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு நட்டுக்குக் கீழும் துரு இறங்கி, கறுப்பின் மேல் பழுப்பாக ஒரு கண்ணீர்க் கோடு போட்டுவிடும். காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி அழும். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

துரு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். நட்டு உட்காருகிற குழியில் பெயிண்ட் கிடையாது, வெறும் இரும்பு. எங்கள் தலைமை மெக்கானிக் அங்கே பெயிண்ட் படவே விடமாட்டார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் மேலே இருந்தும் திட்டுவார். "சக்கரத்துக்கு எங்க வேணும்னாலும் அடி. நட்டு உக்காருத எடத்துல மட்டும் அடிக்காத. எப்ப கழட்டி மாட்டினாலும் பத்து மைல் ஓட்டிட்டு மறுபடி ஒரு முறுக்கு முறுக்கு" என்பார். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்யிலே" என்பதோடு முடிந்துவிடும்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை நெருங்கும்போது அவர் லீவு போட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். இதுதான் சமயம் என்று நான் இரண்டு வண்டியின் சக்கரங்களையும் கழற்றினேன். துருவைச் சுரண்டி, தேய்த்து, கறுப்பு எனாமல் மூன்று பூச்சு கொடுத்தேன். நட்டுக் குழியை விடவே இல்லை. அங்கே நாலாவதாக ஒரு பூச்சு கூடவே வைத்தேன். இனி எப்படி அழுகிறாய் பார்க்கிறேன் என்று சக்கரத்தோடு பேசிக்கொண்டே அடித்தேன். அஷ்டமி அன்று மதியம் மாட்டி, நட்டுகளை நன்றாக முறுக்கினேன். அண்ணாச்சி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "லே தாணு, விலைக்கு வாங்கினப்பகூட இப்பிடி இல்லையேலே" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. இங்கே வழக்கம் உங்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களை எல்லாம் கழுவித் துடைத்து சாமி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை ஒருவரும் தொடக்கூடாது. பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள், தச்சன் உளியைத் தொடமாட்டான். எங்கள் ஷெட்டில் சுத்தியல், ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் ஷெட்டை ஒட்டியிருந்த அண்ணாச்சி வீட்டுப் பூஜை அறைக்குப் போயின. இரண்டு காரின் டிக்கியில் இருந்த டூல்ஸ் பையையும் நானே எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு வண்டிகளுக்கு மாலை போட்டேன். சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கிச் சக்கரம் வரை கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கறுப்பின் மேல் சந்தனம் எப்படி எடுப்பாக இருந்தது என்கிறீர்கள்! வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மைல் ஓட்டி மறுபடி முறுக்குவது நினைவில் இருந்தது. ஆனால் வண்டிகள்தான் இரண்டு நாள் எங்கும் போகப்போவதில்லையே, பூஜை எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நவமி அன்று காலை கரமனை அக்ரகாரத்திலிருந்து ராமநாதய்யர் ஓட்டமும் நடையுமாக வந்தார். சர்க்கார் கச்சேரி ஒன்றில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று அண்ணாச்சி முன்னால் வந்து நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிள்ளைவாள், வேற கதியில்லாம வந்திருக்கேன். பொன்முடி எஸ்டேட்ல என் மாப்பிள்ளை குமாஸ்தாவா இருக்காரோல்லியோ, அவருக்கு ஆறு நாளா ஜுரம். கண்ணைத் தொறக்காம பிதற்றறாராம். எஸ்டேட் ஆள் பஸ்ஸில வந்து சொன்னான். இங்க ஆத்துல பொண்ணு விசாலம் கைக்கொழந்தையோட அழுதுண்டு நிக்கறா. பஸ்ஸை நம்பிப் போனா எப்போ போய்ச் சேர்றது? வண்டி தரணும்."

அண்ணாச்சி மாலை போட்ட வண்டியைப் பார்த்தார், அய்யரைப் பார்த்தார். "ஆயுதத்தைத்தான் தொடப்பிடாது. வண்டி ஓடலாம் சாமி" என்றார். டிரைவர் கேசவனை அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கேசவன் சேட்டன் நெடுமங்காட்டுக்காரர், மலையாளி, மலை ரோட்டில் நிதானமாக ஓட்டுகிறவர். வந்தவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா தாணு, கல்யாணப் பெண்ணைப்போலே உண்டல்லோ!" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அய்யரை ஏற்றிக்கொண்டு, கரமனையில் அவர் மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொள்ள வண்டி போயிற்று. டிக்கியில் ஒரு ஸ்பானர்கூட இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அதே நேரத்தில் அண்ணாச்சியும் இன்னொரு காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, வீட்டாரோடு சங்குமுகத்து அம்மன் கோயிலுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பினார். வீட்டார் உள்ளே போனார்கள், அவர் பூஜை அறைக்குப் போனார். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சக்கரத்தில் பட்ட மணலைத் துடைக்க உட்கார்ந்தேன்.

சந்தனக் கோடுகள் ஒன்றும் சரியாக இல்லை. நட்டின் மேல் இருந்த பாதி ஒரு பக்கம் திரும்பியிருந்தது, சக்கரத்தில் இருந்த பாதி இருந்த இடத்திலேயே இருந்தது. யாரோ குழந்தை விளையாட்டாகத் திருகியதுபோல் இருந்தது. ஒரு நட்டை விரலால் தொட்டேன். சுற்றியது. நட்டின் ஓரத்தில் என் எனாமல் பிதுங்கி, செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

மெக்கானிக் ஏன் அங்கே பெயிண்ட் படவிடவில்லை என்பது அந்த நிமிஷம் புரிந்தது. நட்டு இரும்பில் உட்காராமல் என் பெயிண்டில் உட்கார்ந்திருந்தது. ஓடினதும் பெயிண்ட் நசுங்கிவிட்டது, நட்டு இளகிவிட்டது. சமதரையில் கோயிலுக்குப் போய்வந்த வண்டி இது. இன்னொன்று மலை ஏறப் போகிறது. உள்ளே கைக்குழந்தை. ஈரத்துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

பூஜை அறை வாசலில் போய் நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய வாருங்க" என்றேன்.

"என்னலே, பூஜைல நிக்கேன், கண்ணு தெரியலையா?"

உள்ளே போனேன். பூவுக்குக் கீழே இருந்த சக்கர ஸ்பானரை உருவி எடுத்தேன். உங்களுக்கு இது இப்போது சாதாரணமாக இருக்கலாம். அன்றைக்கு சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை நவமியில் எடுப்பதும், விளக்கைக் காலால் எட்டி உதைப்பதும் ஒன்றுதான். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமாலே பிடிச்சிருக்கு? வைலே கீழ!"

"சக்கரம் கழண்டு ஓடிரும் அண்ணாச்சி. பொன்முடிக்குப் போன வண்டி."

"போலே! இப்பதானே நான் ஓட்டிட்டு வந்தேன். ஒரு கொறையும் இல்லை."

பேச்சில் அவரை வெல்ல முடியாது. கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, அவர் விரலை நட்டின் மேல் வைத்தேன். அவரே சுற்றினார். மூன்று சுற்று சுற்றியதும் நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் இப்போதுதான் மனைவி மக்களோடு போய்வந்த வண்டி. அண்ணாச்சி நட்டை என் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் கதவைத் திறந்தார்.

"ஏறுலே" என்றார். "இந்த வண்டியிலேயே வெரட்டுவோம்."

"இல்லை அண்ணாச்சி. இதை முறுக்கிட்டுத்தான்."

"அங்க நாலு உசிரு போய்க்கிட்டு இருக்கு! நீ இங்க இருந்து திருகிக்கிட்டு இருக்கப்போறியா?"

தம்பிகளே, அவர் கத்துகிறார், என் உள்ளே அதைவிடச் சத்தமாக ஒரு ஆள் கத்துகிறான். ஓடு ஓடு என்கிறான். ஆனால் இந்தச் சக்கரத்தோடு ஓடினால் நாங்கள் பேரூர்க்கடை தாண்டமாட்டோம், போன வண்டியை எச்சரிக்க யாரும் இருக்கமாட்டார்கள். எங்களிடம் போன் கிடையாது. கடைகள் எல்லாம் பூஜைக்கு அடைத்துக் கிடந்தன. நான் உட்கார்ந்து இருபது நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அண்ணாச்சி அவ்வளவு நேரமும் என் தலைக்கு மேல் நின்று என் ஏழு தலைமுறையையும் வரிசையாக அழைத்தார். ஒரு நட்டைக்கூட விடவில்லை நான்.

நெடுமங்காட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி முறுக்கினேன். ஒவ்வொன்றும் கால் சுற்று ஏறியது. அங்கே சாயாக்கடைக்காரர், "கறுத்த காரா? கைக்குஞ்ஞுக்குப் பால் வாங்கிப் போயி. அரை மணிக்கூர் ஆச்சு" என்றார். விதுரையில் விசாரித்தபோது குழந்தை வாந்தி எடுத்ததால் நின்று போனார்கள் என்று தெரிந்தது. அங்கேயும் இறங்கி முறுக்கினேன். இந்தத் தடவை ஸ்பானரை அண்ணாச்சியே எடுத்துக் கொடுத்தார்.

மலை ரோடு தொடங்குவதற்கு முன் கல்லாற்றில் எல்லா டிரைவர்களும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கேசவன் சேட்டனும் நிறுத்தியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஊற்றி முடித்து, பானட்டைச் சாத்திவிட்டு ஏறப்போகிறார். நான் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, "ஏறாதீங்க! ஏறாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

இடது பின் சக்கரத்தில் ஒரு சந்தனக் கோடுகூட நேராக இல்லை. இரண்டு நட்டு கையோடு வந்தன. அங்கிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கம்தான், வேறென்ன.

அய்யர் இறங்கி வந்தார். "என்ன பிள்ளைவாள், இவ்வளவு தூரம்? என்ன சமாசாரம்?"

அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுத்தி, காதுக்குள், "டூல்ஸ் வைக்க மறந்துட்டோம், அதைக் கொடுக்க வந்தோம்னு சொல்லிருதேன். நீ சத்தமில்லாம முறுக்கிரு" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஷெட்டின் பெயர் போனால் பத்துக் குடும்பத்துக்குச் சோறு போகும். எனக்கும் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆனால் வெறுமனே முறுக்கினால் தீராது என்று எனக்குத் தெரியும். நெடுமங்காட்டில் கால் சுற்று இளகியது, விதுரையில் இளகியது. மலையில் எத்தனை இடத்தில் நிறுத்தி முறுக்குவது? ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, குழியில் இருக்கிற பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டி, பிறகு மாட்ட வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். புருஷன் ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணிடம் முக்கால் மணி நேரம் கேட்கிறவன், எதற்கு என்று சொல்லாமல் கேட்க முடியுமா?

"சாமி, சக்கரம் கழண்டிருக்கும்" என்றேன். "டூல்ஸுக்காக வரலை. நட்டு உக்காருத எடத்துல நான் பெயிண்ட் அடிச்சுட்டேன். அழகா இருக்கணும்னு அடிச்சேன். அடிக்கப்பிடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்கு. தப்பு என்னுது. அண்ணாச்சிக்கும் தெரியாது, கேசவன் சேட்டனுக்கும் தெரியாது."

கேசவன் சேட்டன், "என்றெ ஈஸ்வரா" என்று சொல்லிக்கொண்டே மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி சமாளித்துக்கொண்டு, "சாமி, என் வண்டில ஏறுங்க, போயிரலாம்" என்றார்.

"அதுலயும் பெயிண்ட் இருக்கு அண்ணாச்சி. அதையும் சுரண்டாம மலை ஏத்தப்பிடாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும்.

அய்யருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சாது மிரண்டால் என்பார்களே, அதேதான். "முக்கால் மணியா? அங்க என் மாப்பிள்ளை கெடக்கார் ஓய்! உம்ம பெயிண்ட் பைத்தியத்துக்கு நாங்க பலியா? ரெண்டு முறுக்கு முறுக்கினா போறாதா?"

காருக்குள்ளிருந்து விசாலம் அம்மாள் இறங்கினாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த இரண்டு நட்டையும் பார்த்தாள், பள்ளத்தின் பக்கம் பார்த்தாள்.

"செய்யட்டும் அப்பா" என்றாள்.

கேசவன் சேட்டன் பேனாக்கத்தி கொடுத்தார். நான் சுரண்ட ஆரம்பித்தேன். நான்கு பூச்சு, நானே பார்த்துப் பார்த்து அடித்தது, கறுப்புச் சுருளாக உதிர்ந்தது. ஒரு நட்டு கழற்று, சுரண்டு, துடை, மாட்டு, முறுக்கு. அடுத்தது. கடைசி நட்டு முடியும்வரை விசாலம் அம்மாள் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட 'ஆச்சா' என்று கேட்கவில்லை.

முடித்ததும், "ஏறலாம் அம்மா" என்றேன்.

"நீங்களும் ஏறுங்கோ" என்றாள். "நீங்க இந்த வண்டியில வந்தா நானும் ஏறறேன்."

ஏறினேன். அண்ணாச்சி தம் வண்டியோடு கல்லாற்றிலேயே தங்கினார். நாலு வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி நட்டுகளைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்துவிட்டது.

எஸ்டேட்டில் மாப்பிள்ளைக்கு நினைவில்லை. எஸ்டேட் கம்பவுண்டர், இனிமேல் இங்கே வைத்திருக்கக்கூடாது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். இரண்டு நாளாக வெளியே போயிருந்த எஸ்டேட் லாரி அப்போதுதான் திரும்பி வந்து நின்றது. இதற்குள் கேசவன் சேட்டன் வாயிலிருந்து சக்கரத்தின் கதை எல்லார் காதுக்கும் போய்விட்டது. கம்பவுண்டர், "லாரியில மெத்தை போட்டுப் படுக்க வெச்சுக் கொண்டுபோகலாம். அந்தக் காரிலயா எறக்கப்போறீங்க? சக்கரம் கழண்டுபோகப் பார்த்த காரிலயா?" என்றார். அய்யர் என் பக்கம் பார்க்காமல், "அதுதான் சரி" என்றார்.

நான் கார்ப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

விசாலம் அம்மாள் புருஷனின் தலையை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"லாரி வேண்டாம் அப்பா. வண்டி வெச்சிருக்கிறவா எல்லாரும் வண்டி நன்னாயிருக்குன்னுதான் சொல்லுவா. இவர் ஒருத்தர்தான் நன்னாயில்லேன்னு ஓடிவந்து சொன்னார். இவர் நன்னாயிருக்குன்னு சொன்னா நான் நம்பறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கோ. இவரை வெச்சுண்டு எறங்கலாமா?" என்றாள்.

அதற்கு முன்பும் பின்பும் என் சக்கரங்களைப் புகழ்ந்தவர்கள் நிறைய. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றவர்கள் உண்டு, கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. இந்தப் பெண் கேட்டதுபோல ஒருவரும் கேட்டதில்லை. சட்டென்று பதில் சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து, இருபது நட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன். அவள் வாசலில் நின்று காத்திருந்தாள்.

"எறங்கலாம் அம்மா" என்றேன்.

நாலு பேர் சேர்ந்து மாப்பிள்ளையைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசாலம் அம்மாள் உட்கார்ந்தாள். முன் சீட்டில் அய்யர் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டு, தூங்குகிற பேரனை என் மடியில் கொடுத்தார்.